ஹைபிரிட் எஸ்டேட் கார்: ஒரே வண்டிக்கு ஏன் இரண்டு மைலேஜ்?

எங்கள் வீட்டில் இருப்பது ஹைபிரிட் எஸ்டேட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். அதை ஓட்டுபவர்கள் இரண்டு பேர். மனைவி அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் திரையில் லிட்டருக்கு 22, 23 கிலோமீட்டர் என்று வரும். அதே வண்டி என் கைக்கு வந்தால் 15-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. "நீங்க மிதிக்கிற மிதிக்கு எந்த வண்டியும் தாங்காது" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நான் அப்படியொன்றும் மிதிப்பதில்லை. ஆனால் எண்கள் அவர் பக்கம் இருக்கும்போது அதைச் சொல்லிப் பயனில்லை. வித்தியாசம் காலிலா, வழியிலா, வண்டியிலா என்று உட்கார்ந்து பார்த்ததில் தேறியவைதான் கீழே வருபவை. மைலேஜில் தொடங்கிய விசாரணை டிக்கி, பிரேக், 12 வோல்ட் பேட்டரி என்று நீண்டுவிட்டது.

வண்டி எப்படிப்பட்டது

காம்பாக்ட் எஸ்டேட் என்பது ஹேட்ச்பேக்கின் கூரையை அதே உயரத்தில் பின்னுக்கு இழுத்து, பின்சீட்டுக்குப் பின்னால் நீளமான டிக்கி வைத்த கார். எஸ்யூவிபோல உயராது, அகலமும் கூடாது. இந்த வகையில் முழு ஹைபிரிட் (வெளியிலிருந்து சார்ஜ் போடாமலே, மோட்டாரால் மட்டும் கொஞ்ச தூரம் நகரக்கூடியது) என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டொயோட்டாதான். 1997-இல் பிரியஸில் கொண்டுவந்த அமைப்பை 2013-இல் ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் என்ற எஸ்டேட்டில் வைத்தார்கள். அதன் வாரிசான கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் 2018 பாரிஸ் மோட்டார் ஷோவில் அறிமுகமானது. சுசுகி ஸ்வேஸ் என்ற பெயரில் வந்ததும் அதே வண்டிதான், பெயரும் முகப்பும் வேறு. கொரோலா எஸ்டேட்டின் நீளம் 4,650 மி.மீ.; வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,700 மி.மீ., அதாவது ஹேட்ச்பேக்கைவிட 60 மி.மீ. கூடுதல். 1.8 லிட்டர் இன்ஜின் வண்டியில் டிக்கி 596 லிட்டர். அதே இன்ஜின் உள்ள ஹேட்ச்பேக்கில் 361 லிட்டர்தான்.

எங்களுடையது இந்த ரகத்தைச் சேர்ந்த ஒன்று, கைமாறி வந்தது. கீழே சொல்பவை இந்த வகை முழுவதற்கும் பொருந்துவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் பின்கதவில் ஒட்டியிருக்கும் 'ஹைபிரிட்' என்ற எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. 48 வோல்ட் 'மைல்ட் ஹைபிரிட்' பெரும்பாலானவற்றில் மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. பிளக்-இன் ஹைபிரிட் நேர்மாறு: சார்ஜ் போட்டால் மின்சாரத்திலேயே கணிசமான தூரம் போகும், ஆனால் அந்தப் பெரிய பேட்டரிக்கு இடம் வேண்டும். ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டில் சாதாரண வண்டிக்கு 640 லிட்டர் இருந்த டிக்கி, பிளக்-இன் வடிவத்தில் 490-ஆகச் சுருங்கியது இதனால்தான். டிக்கிக்காகவே எஸ்டேட் வாங்குகிறவர் 150 லிட்டரைப் பேட்டரிக்குத் தாரைவார்ப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். முழு ஹைபிரிட்டின் பேட்டரி சிறியது. பின்சீட்டுக்கு அடியிலேயே அடங்கிவிடும், டிக்கியின் தரையைத் தொடாது.

உள்ளே நடப்பது

மைலேஜ் வழக்குக்குப் போவதற்கு முன் இயந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். டொயோட்டா முறையில் கிளட்ச் கிடையாது, படிப்படியான கியர் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. நடுவில் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி. அதன் மையச் சக்கரத்தில் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர், சுற்றிவரும் சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் பெட்ரோல் இன்ஜின், வெளி வளையத்தின் பக்கம் இரண்டாவது மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும். முதல் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை மாற்றுவதன் மூலம், வண்டி எந்த வேகத்தில் போனாலும் இன்ஜினைத் தனக்கு வசதியான சுழற்சியில் வைத்துக்கொள்ள முடிகிறது. ரிவர்ஸ் கியர்கூட இல்லை. பின்னால் போவது முழுக்க மோட்டாரின் வேலை.

இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் அட்கின்சன் 1882-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. இன்றைய வடிவத்தில் உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். அதனால் கலவை அமுங்கும் அளவைவிட விரியும் அளவு அதிகம். எரிபொருளின் சக்தி கூடுதலாகக் கறக்கப்படுகிறது. 1.8 லிட்டர் இன்ஜினின் உச்சத் திறன் 40 சதவீதம் என்கிறது டொயோட்டா. பெட்ரோல் இன்ஜினுக்கு அது நல்ல எண். விலை என்னவென்றால், குறைந்த சுழற்சியில் இழுவை சோர்ந்துபோகும். அந்தக் குறையை மோட்டார் மூடிவிடுகிறது.

பேட்டரியின் கொள்ளளவு சுமார் ஒரு யூனிட் மின்சாரம், சில மாடல்களில் அதற்கும் கீழே. அதிலும் ஆயுளைக் காப்பாற்றுவதற்காக நடுப்பகுதியை மட்டும்தான் நிரப்பி இறக்குகிறது கணினி. ஆக, இது சேமிப்புக் கிடங்கு கிடையாது, கைமாற்றுக் கணக்கு. பிரேக்கில் வாங்கியதை அடுத்த நிமிடமே கிளம்பும்போது செலவழித்துவிடும்.

வழியை மாற்றிப் பார்த்தோம்

மனைவியின் வழி நகரத்துக்கு நடுவே. சிக்னல், ஊர்ந்துபோகும் வரிசை, மறுபடி சிக்னல் என்று முக்கால் மணி நேரம். என்னுடையது பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது, மாலையில் கடைக்கு ஒரு நடை, இரவில் ரயில் நிலையத்துக்கு ஒரு நடை. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிலோமீட்டர். பயணம் முடிந்து வண்டியை அணைக்கும்போது திரை காட்டும் சராசரியை இருவரும் குறித்துவைத்தோம். டேங்க் ஃபுல் செய்து கணக்குப் பார்த்தால் திரை எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறது. இருவருக்கும் அதே தாராளம் என்பதால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

பிறகு சில வாரங்கள் வேலையை மாற்றிக்கொண்டோம். நான் அவரை அலுவலகத்தில் இறக்கிவிட்டு அதே நெரிசலில் திரும்பினேன். பள்ளி, கடை எல்லாம் அவர் பொறுப்பு. எண்களும் அப்படியே இடம் மாறின. என் பெயருக்கு நேரே 22 வந்தது. அவர் பெயருக்கு நேரே 15, ஒரு குளிர்ந்த மழைக்காலைக்கு 13.

"வண்டில ஏதோ கோளாறு, சர்வீஸ்ல காட்டுங்க" என்றார்.

கோளாறு ஒன்றுமில்லை. குளிர்ந்த இன்ஜின்தான் காரணம். பட்டனை அழுத்தியதும் 'ரெடி' விளக்கு எரிகிறது, வண்டி சத்தமில்லாமல் நகர்கிறது. சில நொடிகளில் இன்ஜின் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது அது வண்டியை இழுப்பதற்காக ஓடுவதில்லை. புகைபோக்கியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கத்தான் ஓடுகிறது. சுமார் 300 டிகிரியை எட்டும்வரை அந்தக் கன்வர்ட்டர் நச்சுப்புகையைச் சரியாகச் சுத்திகரிக்காது. ஆகவே கணினி இன்ஜினை அணைய விடாது. முதல் சிக்னலில் நின்றாலும் ஓடும், இறக்கத்தில் உருண்டாலும் ஓடும். கூலன்ட் சூடாகும்வரையும் இதே கதைதான். அதோடு ஹீட்டரையும் போட்டுவிட்டால் முடிந்தது: அறையைச் சூடாக்கும் வெப்பம் இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் அது இன்னும் பிடிவாதமாக ஓடும். ஏசி அப்படியில்லை. அதன் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் அணைந்தபடியே குளிர்ந்த காற்று வரும்.

இன்ஜின் சூடாகி, அணையப் பழகும் நேரத்தில் பள்ளிக்கூட வாசல் வந்துவிடுகிறது. அங்கே நிறுத்தி, வீட்டுக்கு வந்து, மாலைவரை வண்டி ஆறிக்கிடக்கிறது. மாலையில் மறுபடி முதலிலிருந்து. ஹைபிரிட்டின் லாபம் முழுக்க இன்ஜின் ஓடாத நிமிடங்களில் இருக்கிறது. என் பழைய வழியில் அந்த நிமிடங்களே இல்லை.

மனைவியின் வழியில் நடப்பது இதற்கு நேர்மாறு. கணக்காகவே பார்க்கலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.04 யூனிட். அந்த வேகத்தை உண்டாக்க, 35 சதவீதத் திறனுள்ள இன்ஜினுக்குச் சுமார் 13 மில்லி பெட்ரோல் வேண்டும். சாதாரண காரில் ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் அந்த 13 மில்லி டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். நூறு தடவை நின்று கிளம்பினால் 1.3 லிட்டர். ஹைபிரிட்டில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் பாதியை மீட்டாலே போதும், அரை லிட்டருக்கு மேல் மிச்சம். வரிசையில் சும்மா நிற்கும் நேரக் கணக்கு தனி. இந்த அளவு இன்ஜின் சும்மா ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும். ஹைபிரிட்டில் நிற்கும் நேரத்தின் பெரும்பகுதி இன்ஜின் ஓய்வில் இருக்கிறது. நெரிசலில் மைலேஜ் ஏறும் பெட்ரோல் கார் இது ஒன்றுதான். நெரிசலில் ரத்த அழுத்தமும் குறையுமா என்றால், அதற்கு இன்னும் கருவி வரவில்லை.

ஆய்வுக்கூட எண்ணோடு ஒப்பிடுவது எதற்கு உதவும் என்பதும் இங்கே தெளிவாகிறது. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த, மைலேஜை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், 23.25 கிலோமீட்டர், 23 டிகிரி வெப்பநிலை. குளிர்ந்த இன்ஜினோடுதான் தொடங்குகிறார்கள், ஆனால் அந்தத் தொடக்கச் செலவு 23 கிலோமீட்டருக்குப் பரவிவிடுகிறது. என் செலவு இரண்டு கிலோமீட்டருக்குள் விழுகிறது. பிரோஷரில் உள்ள எண்ணைப் பார்ப்பவர், தன் வழக்கமான பயணத்தின் நீளத்தையும் பக்கத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றம் சின்னது. கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் தனித்தனியாகப் போகாமல் ஒரே சுற்றில் முடிக்கிறோம். பள்ளிக்கு முடிந்தபோதெல்லாம் நடை. என் எண் 18, 19-க்கு ஏறிவிட்டது.

ஹைவேயில் பாதி வித்தை நின்றுவிடும்

ஒரே சீரான வேகத்தில் போகும்போது பிரேக் இல்லை, நிற்பதில்லை, மீட்பதற்கும் ஒன்றுமில்லை. மிஞ்சுவது இன்ஜினின் திறனும் வண்டியின் உருவமும்தான். 90 கி.மீ. வேகத்தில் எங்கள் வண்டி லிட்டருக்கு 21, 22 தருகிறது. 120-இல் 16, 17. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 90-இலிருந்து 120-க்குப் போனால் அந்த விசை சுமார் 78 சதவீதம் ஏறும். ஹைபிரிட் என்றாலும் காற்றுக்குத் தெரியாது.

எஸ்டேட் உருவம் கைகொடுப்பது இங்கேதான். இவ்வளவு சாமான் கொள்ளும் இடத்தை உயரமான வண்டியில் தேடினால் முகப்புப் பரப்பு கூடும், எதிர்ப்பும் கூடும். எஸ்டேட்டில் கூடுதல் இடம் ஹேட்ச்பேக்கின் நிழலுக்குள்ளேயே, பின்னால் இருக்கிறது. சொல்லப்போனால் ஹைபிரிட் பாகம் நகரத்தில் சம்பாதிக்கிறது, எஸ்டேட் பாகம் ஹைவேயில் சம்பாதிக்கிறது. இந்தக் கலவையை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கூரையில் பெட்டி கட்டினால் இந்த லாபம் போய்விடும். எங்களுக்கு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக் கழற்றிவைப்பது நல்லது. வெறும் பெட்டியைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓவர்டேக் எடுக்கும்போது வரும் சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் சுழற்சி ஒரேயடியாக மேலே போய் அங்கேயே நின்று கத்தும். கியர் மாறுவதில்லை என்பதால் சத்தத்தில் ஏற்ற இறக்கமும் இருக்காது. வேகம் ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் காது நம்பாது. பழைய 1.8 வண்டிகளில் மொத்தச் சக்தி 122 பிஎஸ் (குதிரைத்திறன்). 2023-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு 140. ஐந்து பேர், நிறைந்த டிக்கி, மேடு என்று மூன்றும் சேரும்போது இந்தக் கூடுதல் 18-இன் அருமை தெரியும். அடிக்கடி அப்படிப் போகிறவர் 2.0 லிட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். அதில் டிக்கி 581 லிட்டராகச் சற்றுக் குறையும்.

மலை இறக்கம்

இதை ஒரு முறையாவது நேரில் கவனிக்க வேண்டும். இறக்கம் தொடங்கும்போது பேட்டரி படத்தில் பாதிக் கட்டங்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை லேசாகத் தொடத் தொடக் கட்டங்கள் ஏறும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். கொஞ்ச தூரத்தில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிடும். அடுத்த வளைவில், காலை ஆக்ஸிலேட்டரில் வைக்காமலே இன்ஜின் உறுமத் தொடங்கும்.

முதல் தடவை கேட்பவர் பயந்துவிடுவார். நடப்பது இதுதான்: 1,500 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 0.4 யூனிட். டயரும் காற்றும் மாற்ற இழப்பும் கழித்துப் பார்த்தாலும் 200 மீட்டர் இறங்குவதற்குள் அந்தச் சின்னப் பேட்டரி நிரம்பிவிடும். அதற்குமேல் வரும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? கணினி அதைக் கொண்டே இன்ஜினைச் சுற்ற வைத்துச் செலவழிக்கிறது. ஒரு சொட்டு பெட்ரோலும் போவதில்லை. நீண்ட இறக்கத்தில் லீவரை 'பி' (B, பிரேக்) நிலைக்குத் தள்ளினால் இந்த இன்ஜின் பிரேக் முன்கூட்டியே வேலைக்கு வந்து, டிஸ்க் சூடேறாமல் காக்கும். சமவெளியில் 'பி' போட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வது தவறு. மீட்க வேண்டியதில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றுவதில் வீணாகும்.

டிக்கி

டிக்கியின் லிட்டர் கணக்கை 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எடுக்கிறார்கள். கட்டைகள் சந்துபொந்துகளில் எல்லாம் நுழையும், அலமாரி நுழையாது. அதனால் 596 என்ற எண்ணைவிட டேப் எடுத்து அளக்க வேண்டியவை வேறு: சக்கர மேடுகளுக்கு இடையே அகலம், பின்கதவு திறப்பின் உயரம், தரையிலிருந்து டிக்கி விளிம்புவரை உயரம்.

எங்களுக்குப் பாடம் சொன்னது வாஷிங் மெஷின். 85 செ.மீ. உயரமுள்ள முன்கதவு மெஷினை நிமிர்த்தி ஏற்ற முடியவில்லை. காம்பாக்ட் எஸ்டேட்டுகளின் கதவுத் திறப்பு பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு. படுக்கவைத்து ஏற்றுவதென்றால் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகளைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த ஒரு காட்சியைத் தவிர மற்றதெல்லாம் வெற்றிதான். பின்சீட்டை மடித்தால் சைக்கிள் முன்சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே போகிறது. மடக்குக் கட்டில், ஏணி, தள்ளுவண்டி, பயணப் பெட்டிகள் எதுவும் வாசலில் நின்றதில்லை. விளிம்பு தாழ்வாக இருப்பதால் அரிசி மூட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், சாய்த்துத் தள்ளினால் போதும். முதுகுவலிக்காரர்களுக்கு இந்த ஒன்றே எஸ்யூவியை மறக்கப் போதுமான காரணம்.

ஏற்றுவதைக் கட்டி வைக்க வேண்டும். செடானில் சாமானுக்கும் ஆளுக்கும் நடுவே சீட்டின் முதுகு முழுதாக நிற்கிறது. எஸ்டேட்டில் சீட் உயரத்துக்கு மேல் அடுக்கியது எல்லாம் மோதலில் முன்னால் பறந்து வரும். வலை இருந்தால் மாட்டிவிட வேண்டும், கனமானது சீட்டை ஒட்டித் தரையில். நிறையச் சுமை ஏற்றும் நாளில் டயர் காற்றழுத்தத்தை, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி கூட்ட வேண்டும். இழுவை வண்டி மாட்ட நினைப்பவர்கள் கவனிக்க: கொரோலா 1.8 ஹைபிரிட் எஸ்டேட்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 750 கிலோதான். அதே அளவுள்ள டீசல் எஸ்டேட் அதைவிட நிறையவே இழுக்கும்.

கவனிக்க வேண்டிய சிறிசுகள்

பின்சீட்டின் ஓரத்தில் ஒரு சல்லடை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. எஸ்டேட்காரர்கள் பின்சீட்டில் போர்வை, பை, நாய் என்று ஏற்றுவதால் அது முடியும் தூசியுமாக அடைத்துக்கொள்ளும். அடைத்தால் விசிறி கத்தும், பேட்டரி சூடாகும், சூடு ஆயுளைத் தின்னும். வடிகட்டியைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. ஹைபிரிட் பேட்டரியைப் பற்றிப் பயப்படுகிறவர்களில் இந்தச் சல்லடையைத் தெரிந்தவர்கள் குறைவு.

நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பேட்டரி கிடையாது, 12 வோல்ட் சின்னப் பேட்டரிதான். இன்ஜினைச் சுற்றும் வேலை அதற்கு இல்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூடிவிட்டால் அதன் கடமை முடிந்தது. அதனால் சிறியதாகவே வைக்கிறார்கள். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அலாரமும் சாவி தேடும் ரிசீவரும் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். அப்போது பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் திறக்காது. ஊருக்குப் போவதற்கு முன்னும் பின்னும் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுவது, அல்லது வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் 'ரெடி' நிலையில் 'பி' பட்டனில் நிறுத்திவைப்பது உதவும். இங்கே 'பி' (P) என்பது பார்க்கிங். மலையில் சொன்ன 'பி' வேறு. நியூட்ரலில் விட்டால் சார்ஜ் ஏறாது.

பிரேக் பேட் தேய்வதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், மோட்டாரே பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. பயன்படாத டிஸ்க் துருப்பிடிப்பதும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் இறுகிப்போவதும் அதே காரணத்தால்தான். சர்வீஸில் பேட் எவ்வளவு மீதி என்று மட்டும் கேட்டால் போதாது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்களா என்று கேட்க வேண்டும். பின்னால் யாரும் வராத நல்ல சாலையில் எப்போதாவது கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் துரு உரிந்துவிடும்.

குறைந்த தூர ஓட்டத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. சூடாகாத இன்ஜினின் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் கலக்கும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கையேடு சொல்லும் மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் திருட்டு மற்றொரு தலைவலி. ஹைபிரிட்டில் இன்ஜின் குறைவாக ஓடுவதால் அதிலுள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு அதிகம் தேயாமல் இருக்கிறது. திருடனுக்கும் அது தெரியும். தெருவில் நிறுத்துபவர்கள் அடியில் தகடு பொருத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

சத்தமில்லாமல் நகர்வதால் பாதசாரிகள் கவனிக்க மாட்டார்கள் என்ற கவலை முன்பு நியாயமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும் 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய வண்டிகளுக்கும், 20 கி.மீ. வேகம்வரை எச்சரிக்கை ஒலி கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டி வாங்கியவர்கள் வாகன நிறுத்துமிடத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும்.

பழையதாக வாங்குவதென்றால்

ஹைவேயே கதி என்று மாதம் முழுக்க ஓடுபவருக்கும், கனமான இழுவை வண்டி வைத்திருப்பவருக்கும் இது ஏற்ற வண்டி அல்ல. நகரத்துக்குள் நீண்ட ஓட்டம், வார இறுதியில் குடும்பத்தோடும் சாமானோடும் ஹைவே என்று இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்க்கவில்லை. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் மைலேஜை மறந்துவிட்டு டிக்கிக்காக வாங்கலாம். வீட்டிலேயே சார்ஜ் வசதி இருந்தால் மின்சார வண்டியைப் பார்ப்பது இன்னும் நல்லது.

பார்க்கப் போகும்போது டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட்டா என்பது அப்போது தெரியும். பின்சீட்டுச் சல்லடையில் விரலை வைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஹைபிரிட் பரிசோதனை செய்த தாள் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மிக முக்கியமாக, இன்ஜின் ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். குளிர்ந்த இன்ஜின் பற்றும் விதம், உதறல், முதல் சில நிமிடச் சத்தம், எத்தனை நேரத்தில் அது தானாக அணைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே விற்பவர் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், விலை பேசாமல் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.